போர்டு: ஒரு பலகையின் வம்சாவளி

கடைவாசலில் மாட்டியிருப்பது போர்டு. பன்னிரண்டாம் வகுப்பில் எழுதுவது போர்டு எக்ஸாம். கம்பெனியின் பெரிய முடிவுகளை எடுப்பதும் போர்டுதான். இத்தனைக்கும் அடியில் கிடப்பது அறுத்து இழைத்த ஒரு மரப்பலகை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

இடைக்கால இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் சாப்பாட்டு மேசை பெரும்பாலும் நிரந்தரமாக நிற்காது. வேளை வந்ததும் மரக்கால்களை நிறுத்தி, மேலே நீளப் பலகையைப் போடுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். அதனால் மேசைக்கே போர்டு என்று பெயர் வந்தது. பரிமாறிய சாப்பாட்டுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சோறும் தங்க இடமும் தரும் பள்ளி போர்டிங் ஸ்கூல் ஆனது இப்படித்தான். இன்று கதவு வைத்த அலமாரியான கப்போர்டும் முதலில் கோப்பைகளை அடுக்கிய வெறும் மேசையே.

16ஆம் நூற்றாண்டில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசிப்பவர்களையும் போர்டு என்றார்கள். தமிழில் இதற்கு அமைந்த சொல் வாரியம். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று குழுக்கள் வருகின்றன. ஏரியைக் கவனித்த குழுவின் பெயர் மின்சாரத்தைக் கவனிக்கும் குழுவுக்கு அழகாகப் பொருந்திவிட்டது.

கப்பல் சம்பந்தப்பட்ட பொருள்தான் கொஞ்சம் சிக்கலானது. விளிம்பு, கப்பலின் பக்கவாட்டு என்று பொருள்படும் இன்னொரு சொல்லும் பழைய ஆங்கிலத்தில் இதே ஒலியில் இருந்தது. அது பலகைக்கு உறவா, தனி வேரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. விமானத்தில் ஏறக் காட்டும் போர்டிங் பாஸ் இந்தக் கிளையைச் சேர்ந்தது. கப்பலின் வலப்பக்கம் ஸ்டார்போர்டு. நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சுக்கான் பின்புறம் நடுவுக்கு வருவதற்கு முன், வட ஐரோப்பியக் கப்பல்களை வலப்பக்கம் கட்டிய பெரிய துடுப்பால் திருப்பினார்கள். ‘திருப்பும் பக்கம்’ என்பதே அந்தப் பெயர். இடப்பக்கம் லார்போர்டு. காற்றின் இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டன. கட்டளையைத் தப்பாகக் கேட்டால் கப்பலே மோதிவிடும். 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டு, துறைமுகத்தைக் குறிக்கும் ‘போர்ட்’ என்ற வேறு சொல்லை இடப்பக்கத்துக்கு வைத்தது.

கீபோர்டு என்ற சொல் பியானோ போன்ற இசைக்கருவிகளிலிருந்து தட்டச்சுக்கும் கணினிக்கும் வந்தது. மதர்போர்டில் மரம் துளியும் இல்லை. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த தகடு அது. தட்டையாக இருந்து பாகங்களைத் தாங்குவதால் அதுவும் பலகை ஆனது.