பாடமும் படிவமும்

எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணி முதுகலை பயிலும் மாணவர்கள், அம்பேத்கரையும் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேவையும் படித்து, வறுமை என்பது ஏழையின் குறைபாடு அன்று, நிலமும் சாதியும் கூலியும் அமைந்துள்ள முறையின் விளைவு என்று கற்கின்றனர். விமர்சன சமூகப்பணி எனப்படும் இப்பார்வை, ஒருவருக்கு உதவுவதோடு நில்லாமல், அவரை அந்நிலையில் வைத்திருப்பது எது என்றும் கேட்கச் சொல்கிறது. அவர்களுக்கு வேலை தரும் தொண்டு நிறுவனங்களோ பெரும்பாலும் வேறு கணக்கில் இயங்குகின்றன.

சந்தையே வளங்களைச் சரியாகப் பங்கிடும், நலப்பணியையும் வணிக மேலாண்மை போல நடத்த வேண்டும் என்று கருதும் நவதாராளமயம், இந்தியாவில் 1991-க்குப் பின் வேகம் பெற்றது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடப் பணிக்கிறது. சி.எஸ்.ஆர். எனப்படும் இந்தச் சமூகப் பொறுப்புப் பணத்தால் பள்ளிகளுக்குக் கழிப்பறைகள் கிடைத்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் அதற்கான சட்டப் பட்டியலில் கல்வியும் சுகாதாரமும் தொழிற்பயிற்சியும் இருக்க, கூலி உயர்வுக்காகத் தொழிலாளரைத் திரட்டும் பணி பெயர் சொல்லி இடம்பெறவில்லை. தொண்டு நிறுவனங்கள் பெறும் வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் 2020 திருத்தமோ, நிர்வாகச் செலவு வரம்பை 50-லிருந்து 20 விழுக்காடாகக் குறைத்ததோடு, பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடுத்ததால், பெரிய தொண்டு நிறுவனங்கள் வழியாக நிதி பெற்றுவந்த சிற்றூர் அமைப்புகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன.

இந்த நிதி முறையின் விளைவை ஒரு தையல் பயிற்சித் திட்டத்தின் மாத அறிக்கைப் படிவத்திலேயே காணலாம். பயனாளிகள் எண்ணிக்கை, வருகைப் பதிவு, ஒருவருக்கு ஆன செலவு, புகைப்படம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. பயிற்சி முடித்த பெண், தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டில் கிடைக்கும் கூலி மைக்ரோ ஃபைனான்ஸ் கடனின் வாரத் தவணைக்கே போதவில்லை என்று சொன்னால், அதை எழுத அப்படிவத்தில் இடமில்லை. அந்தக் கூலி ஏன் போதவில்லை என்பதே வகுப்பறை கேட்கச் சொன்ன கேள்வி என்று அறிந்தும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் உள்ள இளம் பணியாளர் கட்டங்களை நிரப்பி அனுப்புகிறார். அவரைக் கொள்கையற்றவர் என்று பழிப்பது அநீதி. கல்விக்கடனும் வீட்டுப் பொறுப்பும் அவருடைய தோளில்தான் இருக்கின்றன.

விமர்சனத்தை மட்டும் கற்பித்து, நிதியின் நடைமுறையைக் கற்பிக்காமல் விடும் கல்லூரிகளே இங்கு முதலில் பொறுப்பேற்க வேண்டும். 2005 ஊரக வேலை உறுதிச் சட்டம், செலவுக் கணக்கை மக்களே கிராம சபையில் கேட்டறியும் சமூகத் தணிக்கையைக் கொண்டுவந்தது. கேள்வி கேட்பதையே சட்டம் பணியாக ஆக்கிய இம்முறை, களப்பணிப் பயிற்சியின் மையத்தில் இருக்க வேண்டியது. அத்துடன், நிதிக்கான திட்ட முன்மொழிவு கையொப்பமாகும் முன்பே, பயிற்சி பெற்றவர் ஆறு மாதம் கழித்து என்ன கூலி பெறுகிறார் என்ற ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேர்க்கச் சொல்லி நிதியாளரிடம் வாதாடும் திறனும் மாணவருக்குப் பாடமாக வேண்டும்.