சூடானா ஸ்டார்ட் ஆகாத கார்: போடிமெட்டு சொல்லித் தந்தது

காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பிடும். போடிமெட்டு ஏறி, டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்தினா, அப்புறம் கிளம்பாது. ஒரு மணி நேரம் கழிச்சு எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். எங்க பழைய பெட்ரோல் காரோட வியாதி இது. தேனிக்கு வந்து மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினா, "நல்லாத்தானே இருக்கு தம்பி" என்பார். இப்படியே ஒரு பேட்டரியும் ஒரு பெட்ரோல் பம்பும் மாத்தியாச்சு. பழுது மட்டும் போகலை. அதுக்கப்புறம் உட்கார்ந்து படிச்சதையும், பட்டுத் தெரிஞ்சதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மேலே குளிர்தானே, அப்புறம் எப்படி சூடு?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு சுமார் 1000 மீட்டர் ஏற்றம், 17 கொண்டை ஊசி வளைவுகள். முதல், இரண்டாம் கியரில் ஏறும்போது இன்ஜினுக்கு வேலை அதிகம், எதிர்க்காத்து கம்மி. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறினாலும் இதே கதைதான். ஆனாலும் இன்ஜின் ஓடுற வரைக்கும் கூலன்ட் சுத்திக்கிட்டே இருக்கும், சூடு ரேடியேட்டர் வழியா வெளியே போயிடும். அணைச்ச உடனே அந்தச் சுற்று நின்னுடும். இன்ஜின் பிளாக்கில் தேங்கின சூடு பக்கத்தில் இருக்கிற ஒயர், சென்சார், பெட்ரோல் பைப் எல்லாத்துக்கும் பரவும். பானட்டுக்குள்ளே உச்ச சூடு வர்றது வண்டி நின்னு பத்து, இருபது நிமிஷம் கழிச்சுத்தான். அதனாலதான் இரண்டு நிமிஷம் நிறுத்தினா தொல்லை இல்லை, கால் மணி நேரம்னா தொல்லை. இந்த நேரக்கணக்கே முதல் தடயம்.

முதல் கேள்வி: செல்ஃப் எப்படிச் சுத்துது?

"ஸ்டார்ட் ஆகலை"ன்னு பொதுவா சொன்னா யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மூணு விதமா பிரிச்சுப் பார்க்கணும்.

செல்ஃப் இழுத்து இழுத்து மெதுவா சுத்தினா, அது கரண்ட் சமாச்சாரம். செம்புக் கம்பி 60 டிகிரி கூடுதலா சூடானா அதன் மின்தடை ஏறக்குறைய கால் பங்கு ஏறும். ஏற்கெனவே துருப்பிடிச்ச எர்த் கேபிளோ தேய்ஞ்ச செல்ஃப் மோட்டாரோ இருந்தா, குளிரில் சமாளிக்கும், சூட்டில் படுத்துடும். மல்டிமீட்டரை பேட்டரி மைனஸ் முனையிலும் இன்ஜின் பிளாக்கிலும் வச்சு செல்ஃப் அடிச்சுப் பாருங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் கேபிளைக் கவனிக்கணும்.

'டிக்'னு ஒரு சத்தம் மட்டும் வந்தா, சோலனாய்டு அல்லது அதுக்கு வர்ற ஒயர்.

செல்ஃப் நல்லா வேகமா சுத்தியும் இன்ஜின் பிடிக்கலைன்னா, பேட்டரியைத் திட்டாதீங்க. ஒண்ணு பொறி இல்லை, இல்லேன்னா பெட்ரோல் கணக்கு தப்பு.

பெட்ரோலா, பொறியா?

2000-க்கு அப்புறம் வந்த இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் மூணு சோதனை போதும். சாவியை இரண்டு மூணு தரம் ஆன் பண்ணி அணைச்சுட்டு அடிச்சா கிளம்புதா? அப்படின்னா பைப்பில் பிரஷர் இறங்கிடுது. ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு அடிச்சா கிளம்புதா? பெட்ரோல் வாடையும் வருதா? அப்படின்னா பெட்ரோல் கூடுதலா போகுது: இன்ஜெக்டர் ஒழுகலாம், அல்லது கூலன்ட் சென்சார் 'இன்ஜின் குளிர்ந்திருக்கு'ன்னு பொய் சொல்லலாம். இது ரெண்டும் இல்லாம, செல்ஃப் சுத்தும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சம்கூட அசையலையா? நிறைய வண்டிகளில் அது கிராங்க் சென்சாரைக் காட்டிக்கொடுக்கிற அடையாளம். சூட்டில் செத்து, ஆறினா உயிர் பெறும் பாகம் அது.

கார்புரேட்டர் வண்டியில் கதை வேற. பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அதில் லேசானவை 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாக ஆரம்பிக்கும். மலை மேலே காற்றழுத்தம் குறைவுங்கிறதால இன்னும் சீக்கிரம். பம்ப்பும் பெட்ரோலுக்குப் பதிலா ஆவியை இழுக்கும். அம்பாசடர் டிரைவர்கள் பெட்ரோல் பம்ப் மேலே ஈரத்துணி சுத்தினது அதுக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை

கிளம்பாத வண்டியை, "இறக்கம்தானே அண்ணே, உருட்டி விடுங்க" என்பாங்க. செய்யாதீங்க. இன்ஜின் ஓடலைன்னா பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கிற வெற்றிடம் இரண்டு மூணு மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். சாவியை எடுத்துட்டா ஸ்டியரிங் பூட்டிக்கும். கொண்டை ஊசி வளைவில் இதைப் பரீட்சை பண்ண வேண்டாம். பானட்டைத் தூக்கி வச்சுட்டு இன்னொரு டீ குடிங்க.

எங்க வண்டியில் என்னாச்சு?

ஒரு நாள் மதியம் மலை ஏறி இறங்கி நேரா பட்டறை வாசலில் நிறுத்தினேன். கால் மணி நேரம் கழிச்சு மெக்கானிக் அண்ணன் கையாலேயே சாவியைத் திருப்ப வச்சேன். செல்ஃப் சுத்துச்சு, முள் அசையலை. கிராங்க் சென்சார் மேலே ஈரத்துணியை வச்சு ஆறவிட்டார். அடுத்த செல்ஃபில் பிடிச்சுது. புது சென்சாருக்கு ஆன செலவு, நான் வீணா மாத்தின பேட்டரி விலையில் பாதிகூட இல்லை.

சூட்டில் வர்ற பழுதை சூட்டிலேயே காட்டணும். ஆறின வண்டியை வச்சுக்கிட்டு பாகம் மாத்துறது பழுது பார்ப்பதாகாது, குலுக்கல் சீட்டுதான்.