சின்ன வீட்டிலும் விருந்து வைக்கலாம்!

மும்பையில் 1990-களில் குடிசைவாசிகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள் 225 சதுர அடிதான். சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்தான். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் 6 பேர் சாப்பிட வந்தால் எங்கே உட்கார வைப்பது?

சோபா செட் ஆசையை முதலில் விடுங்கள். அது கடையில் இருக்கும்வரைதான் அழகு. வீட்டுக்கு வந்தால் பாதி இடத்தை விழுங்கிவிடும். அதற்குப் பதில், 6 அடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில் மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று செய்யச் சொல்லுங்கள். மேலே மெத்தை போட்டால் 3 பேர் தாராளமாக உட்காரலாம். பாய், தலையணை, போர்வை உள்ளே போய்விடும். மற்ற மூவருக்கு இருக்கவே இருக்கிறது கோரைப்பாய்!

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. வெளிச்சுவரில் ஈரம் ஊறும். பெட்டியை நான்கு விரல் தள்ளியே போடுங்கள். ஒட்டிப் போட்டால் மெத்தை பூஞ்சை பிடிக்கும். வந்தவர் மூக்கைப் பிடிப்பார்.