ஒன்பதாவது சுண்டெலி

மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக அமெரிக்கா போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன். தென் கரோலினா மாநிலத்தில் கிரீன்வில் என்ற ஊர். நியூயார்க் மாதிரிப் பெரிய பட்டணம் இல்லை. மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் வாசலில் நின்று பேச ஆள் கிடையாது. கார் இல்லாமல் ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது. முதல் மாதம், 'எப்படா ஊருக்குப் போவோம்' என்றே இருந்தது.

சனிக்கிழமை தோறும் 'டவுன்டவுன்' என்கிற கடைவீதிக்கு அழைத்துப் போவார்கள். அங்கேதான் கால் வீசி நடந்தேன். மெயின் ஸ்ட்ரீட்டில் இருபுறமும் மரம், நிழல், உட்கார பெஞ்சு. பேரன் என் கையை இழுத்துக்கொண்டு வெண்கலச் சுண்டெலி தேடுவான். மொத்தம் 9 இருக்கிறதாம். ஒரு பள்ளி மாணவனின் யோசனை, 2000-ல் வைத்தது. எட்டைப் பிடித்துவிட்டோம். ஒன்பதாவது கடைசி வரை டிமிக்கி கொடுத்துவிட்டது!

இதே வீதி ஒரு காலத்தில் நாலு வழி ரோடு. ஊருக்கு வெளியே பெரிய கடைகள் வந்ததும் ஜனம் அங்கே போய்விட, இங்கே கடைகள் காலி. 1971 முதல் 1979 வரை மேயராக இருந்த மேக்ஸ் ஹெல்லர் காலத்தில்தான் ரோட்டைக் குறுக்கி மரம் நட்டார்கள். 1938-ல் ஹிட்லருக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்த யூதர் அவர். வந்த புதிதில் சட்டைக் கம்பெனியில் தரை பெருக்கியவர், பிறகு சொந்தமாகவே சட்டைக் கம்பெனி வைத்தார். திருப்பூர்க்காரி நான், இதைக் கேட்டுவிட்டு சும்மா இருக்க முடியுமா?

வீதியை ஒட்டி ரீடி ஆறு அருவியாக விழுகிறது. அதுவும் பஞ்சாலை ஊர்தான். சாயம் கலந்து நாளுக்கொரு நிறமாக ஓடிய ஆறு. போதாததற்கு 1960-ல் அருவிக்கு மேலேயே நாலு வழிப் பாலம் கட்டி மறைத்துவிட்டார்கள். 1967-ல் ஒரு தோட்டக்கலை மன்றத்துப் பெண்கள்தான், 'இந்தக் கரையைச் சுத்தம் பண்ணிப் பூங்காவாக்குவோம்' என்று இறங்கினார்கள். நகராட்சியும் ஃபர்மன் பல்கலைக்கழகமும் கை கொடுத்தன. பின்னாளில் பாலத்தையே இடித்துவிட்டு, 2004-ல் வளைவாக 355 அடி நீள நடைபாலம் கட்டினார்கள்.

அதில் நின்றபோது எனக்கு நொய்யல் ஞாபகம்தான். அந்தத் தண்ணீரில் குளித்த கதையை மாமியார் சொல்வார்; நான் பார்த்ததெல்லாம் சிவப்பும் கறுப்பும். 2011-ல் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடியபோது என் வீட்டுக்காரருக்குப் பல மாதம் வேலையில்லை. ஆறும் வேணும், சோறும் வேணும். யார் பக்கம் பேசுவது? அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.

"அங்க ஆலையெல்லாம் மூடிட்டதும் ஆறு தெளிய ஒரு காரணம் அத்தை" என்றார் மாப்பிள்ளை. அதையும் மறைக்கக் கூடாது.

ஊர் திரும்பியதும் தெருப் பெண்களிடம் சொன்னேன். "அமெரிக்கா போயிட்டு வந்த பேச்சு" என்று சிரித்தார்கள். எதிர்வீட்டு அம்மிணி மட்டும், "ஏனுங்க அக்கா, அந்தப் பொம்பளைங்க முதல்ல யாரைப் போய்ப் பார்த்தாங்க?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

– ஒரு வாசகி, திருப்பூர்.