கையில் இருந்தாலே வழக்கு: கடல் குதிரையும் கடலோர மக்களும்

காய்ந்துபோன கடல் குதிரை ஒன்று ஒருவருடைய பையில் இருந்தால் அதுவே போதும், வழக்குப் பதியலாம். பிடித்தது யார், விற்றது யார் என்ற கேள்விகள் பிறகுதான் வரும். கடல் குதிரை இனங்கள் அனைத்தையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2001இல் தன் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அதோடு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பொருள் கைவசம் இருந்தது உறுதியானால், அது சட்டவிரோதமாக வந்தது என்றே 57ஆம் பிரிவின்படி நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது வைத்திருந்தவரின் பொறுப்பு.

இவ்வளவு கடுமையான சட்டம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் ராமநாதபுரம், தூத்துக்குடி கரைகளில் கடல் குதிரை பிடிபட்ட செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. ஏன் என்று புரிய, முதலில் இந்த மீனைப் பார்க்க வேண்டும்.

ஆம், இது மீன்தான். செவுள் உண்டு, துடுப்பு உண்டு. செதிலுக்குப் பதிலாக உடலைச் சுற்றி எலும்புத் தகடுகள் வளையம் வளையமாக அடுக்கியிருக்கும். பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. குழல் போன்ற வாயால் சின்னஞ்சிறு இறால் வகைகளை உறிஞ்சி விழுங்கும். உண்டது உள்ளே தங்காது என்பதால் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். நீந்துவதற்கு முதுகில் விசிறி போல ஒரு சிறு துடுப்பு. அது நொடிக்கு முப்பது முறைக்கு மேல் அடித்தும் மீன் மெதுவாகத்தான் நகரும். நீரோட்டத்தை எதிர்க்க அதற்கு வலுவில்லை. அதனால் வாலைக் கடற்புல்லிலோ பவளக் கிளையிலோ சுற்றிப் பிடித்துக்கொண்டு, நிறத்தையும் சூழலுக்கேற்ப மாற்றிக்கொண்டு, அசையாமல் நிற்கும். எதிரி வந்தாலும் ஓடாது. இயற்கை எதிரிகளிடமிருந்து இந்த உத்தி அதைக் காத்தது. கடல் தரையை அரித்துக்கொண்டு வரும் இழுவை மடி வலைக்கு முன்னால் அதே உத்தி அதைக் கொல்கிறது.

இனப்பெருக்கமும் தனி ரகம். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இடும். ஆண்தான் சூல் கொள்ளும். பைக்குள் முட்டைகளுக்கு உயிர்வளி போகும், ஊட்டம் போகும், உப்பின் அளவுகூடச் சீராகும். இரண்டு மூன்று வாரங்களில் ஆண் உடலை முன்னும் பின்னும் மடக்கி மடக்கித் தள்ள, நகத்தளவு குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக வெளியே பாயும். நூற்றுக்கணக்கில் பிறந்தாலும் வளர்ந்து பெரிதாவது மிகச் சிலதான். பல இனங்களில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணையாகவே வாழும். விடியற்காலையில் ஒன்றையொன்று சுற்றி வந்து வாலைக் கோத்துக்கொள்ளும். அந்த இணையில் ஒன்று வலையில் போனால் மற்றொன்றின் இனப்பெருக்கமும் அப்போதைக்கு நின்றுவிடும். வயிற்றுப் பை உப்பிய ஆண் ஒன்றைப் பிடித்தால் ஒரு குடும்பமே போகிறது.

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்புல்லும் பவளப் பாறையும் அருகருகே இருப்பதால் இவை கடல் குதிரைக்கு ஏற்ற இடங்கள். தடைக்கு முன்பு சங்கு குளிக்கப் போனவர்கள் கையோடு இதையும் எடுத்து வந்தார்கள். காயவைத்த சரக்கு சீன மருத்துவச் சந்தைக்குப் போனது. உலக அளவில் இந்த வணிகத்துக்கு, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 2002இல் கட்டுப்பாடு விதிக்க முடிவெடுத்து, 2004இல் அமலாக்கியது.

சட்டம் வந்ததும் சங்கு குளிப்பவர்கள் ஒதுங்கினார்கள். மடி ஒதுங்கவில்லை. படகின் தளத்தில் மடியைக் கொட்டியதும் இறாலையும் நல்ல மீனையும் முதலில் பிரித்தெடுப்பார்கள். மிஞ்சும் குவியல் சங்காயம். காய்ந்து கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் போகும். கடல் குதிரை கிடப்பது அந்தச் சங்காயத்தில்தான், பிடித்த புல்லை வால் விடாத நிலையில். கூலிக்குப் போன கையாள் அதைப் பொறுக்கித் தனியே காயவைத்து, கைச்செலவுக்கு ஆகும் என்று விற்கிறார். இந்த மீனைத் தேடி யாரும் போகாதபோதும் மடி அதைக் கொண்டுவருகிறது. வெறும் தடை அதன் உயிரைக் காக்கவில்லை என்பதைத் தமிழகக் கரையில் நடந்து 2021இல் வெளியான ஆய்வும் காட்டியது. பையோடு பிடிபட்டு நீதிமன்றப் படி ஏறுபவர் பெரும்பாலும் சங்கிலியின் கடைசிக் கண்ணி. இது நியாயமான நிலை என்று சொல்ல மனம் வரவில்லை.

மீனவர் செய்யக்கூடியது எளிது. உயிரோடு இருக்கிறதா, அந்த நிமிடமே கடலில் விட வேண்டும். செத்துவிட்டதா, அப்போதும் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. ராமேஸ்வரத்திலோ கன்னியாகுமரியிலோ சிப்பி, சங்குப் பொருள்களோடு யாராவது இதை நினைவுப் பொருளாக நீட்டினால் சுற்றுலாப் பயணி வாங்கக் கூடாது. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு வளர்ப்பதும் குற்றமே.

கக்குவான் இருமலுக்குக் கடல் குதிரையைச் சுட்டுப் பொடித்துத் தேனில் குழைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் சில கடலோர ஊர்களில் இருந்தது. கைக்குழந்தைக்குக் கக்குவான் உயிரையே பறிக்கக்கூடியது. பொடியை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. குழந்தைக்குத் தேனும் ஒரு வயதுக்கு முன் ஆகாது. இந்நோயைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசி 6, 10, 14ஆம் வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது.

கடல் குதிரை வழக்கில் யாராவது கைதானால் குடும்பம் பதறிப் போகும். அந்த நேரத்தில் சில உரிமைகள் நினைவில் இருக்க வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும்; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும்; விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். இவை அரசியலமைப்பின் 22ஆம் கூறு தரும் உரிமைகள். உதவி வனப் பாதுகாவலர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் வழக்கு விசாரணையில் செல்லும். அதனால் எந்தத் தாளையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் உள்ளவர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பெரிய தீர்வு மடியில்தான் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து குறிப்பிட்ட எல்லைக்குள் விசைப்படகு இழுவை மடி போடக் கூடாது. அந்தப் பகுதி நாட்டுப் படகுக்காரரின் உரிமை. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டை மடிக்கும் தடை உண்டு. கடற்புல் அதிகம் வளர்வதும் இந்த ஆழம் குறைந்த கரையோரத்தில்தான். ஆகவே எல்லை மீறி வரும் மடியைப் பற்றிப் புகார் கொடுக்கும் நாட்டுப் படகுக்காரர் தன் பிழைப்பையும் கடல் குதிரையின் இடத்தையும் சேர்த்தே காக்கிறார். மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் படகின் பதிவு எண், நாள், நேரம், இடம் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கி வைக்க வேண்டும். தனியாளாகப் போகத் தயங்குபவர் சங்கத்தின் பெயரில் கொடுக்கலாம். கடத்தல் பற்றிய தகவலை வனத் துறைக்கோ சென்னையிலுள்ள வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவு அலுவலகத்துக்கோ சொல்லலாம். குற்றம் உறுதியாகி அபராதம் வசூலானால், துப்புக் கொடுத்தவருக்கு அதில் பாதி வரை வெகுமதியாக வழங்க நீதிமன்றத்துக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 60ஏ பிரிவு அதிகாரம் தருகிறது.