கைரேகையை மாற்ற முடியாது

கீழ்வேளூர்ப் பக்கத்து ரேஷன் கடையில் அரிசி வாங்கக் கருவியில் விரல் வைக்கிறார்கள். கடவுச்சொல் களவுபோனால் மாற்றிவிடலாம். ரேகையை மாற்ற முடியாது. நடவு நட்டுத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்காத சங்கடம் வேறு. போலி அட்டைகளை ஒழிக்க ரேகை தேவை என்பார்கள், நியாயம்தான். அப்படியானால் அந்தக் கருவியை இயக்கும் மென்பொருளின் நிரலை யாரும் சோதிக்கும்படி திறந்து வைக்க வேண்டும். அது திருடனுக்கு வசதியாகாதா? சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும், அமைப்பு முறை எதிரிக்குத் தெரிந்தாலும் பழுதில்லை என்று சங்கேத முறைகளைப் பற்றி மொழியறிஞர் கெர்க்கோஃப்ஸ் 1883-லேயே வாதிட்டார். உலகெங்கும் இணையச் சேவையகங்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் நிரலும் திறந்தேதான் இருக்கிறது.

நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, சட்டமும் காக்க வேண்டும். 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடம் தருகிறது. ரேகையை அதிகம் கேட்பது அரசுதான்; அந்த விலக்கை ஏற்க முடியாது.