இலையைத் திருப்பிப் பாருங்கள்

இங்கிலாந்தில் வீடு விற்பவர் நிரப்பித் தரும் படிவத்தில் ஒரு களைச்செடியைப் பற்றித் தனிக் கேள்வியே உண்டு. உங்கள் மனையில் ஜப்பானிய நாட்வீட் இருக்கிறதா? 'இருக்கிறது' என்று எழுதினால் வீட்டின் விலை இறங்கும். கடன் தர வங்கி தயங்கும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஊரார் கைகாட்டும் செடி எப்போதும் அதுவாகவே இருப்பதில்லை. அதன் பெரிய உறவாகவோ, இரண்டும் கலந்து பிறந்த பிள்ளையாகவோ இருக்கலாம்.

சொந்த நாட்டில் அது களையே இல்லை. ஜப்பானியர் அதை இடாடோரி என்பார்கள். ஃபூஜி மலையின் எரிமலைச் சரளையில் முதலில் வேர்விடும் செடிகளுள் அதுவும் ஒன்று. வசந்தத்தில் முளைக்கும் புளிப்பான குருத்தைச் சமைத்துச் சாப்பிடுவார்கள். பூச்சிகளும் பூஞ்சைகளும் அங்கே அதை அளவோடு வைத்திருக்கின்றன. சீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதை நெதர்லாந்துக்குக் கொண்டுபோனார். 1847இல் உட்ரெக்ட் நகரத் தோட்டக்கலைச் சங்கம் அதற்குத் தங்கப் பதக்கம் தந்தது. 1850இல் லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பப்பட்ட செடிகளிலும் அது இருந்தது.

பெயர்க் குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது. 1777இல் ஹவுட்டைன் என்பவர் இதற்கு ரெய்னூட்ரியா ஜப்போனிகா என்று பெயரிட்டிருந்தார். அதை அறியாமல் சீபோல்டும் சுக்கரீனி என்பவரும் 1846இல் பாலிகோனம் கஸ்பிடேட்டம் என்றார்கள். இரண்டும் ஒன்றே என்று ஜப்பானியத் தாவரவியலாளர் மகினோ 1901இல்தான் சொன்னார். இன்று நடப்பது அதற்கு நேர்மாறு. மூன்று செடிகள் ஒரே பெயரில் உலவுகின்றன.

பிரித்தறிய முதலில் பார்க்க வேண்டியது இலையின் அடிப்பகுதி. ஜப்பானிய நாட்வீட்டின் இலை காம்போடு சேருமிடத்தில் கத்தரியால் நறுக்கியதுபோல் நேராக இருக்கும். நீளம் 10 முதல் 15 சென்டிமீட்டர். சாகலின் தீவின் பெயர் தாங்கிய பெரிய நாட்வீட்டின் இலையோ பூவரசு இலைபோல் அடியில் இதய வடிவாக உள்வாங்கியிருக்கும். 40 சென்டிமீட்டர் வரை நீளும். செடியே நாலு மீட்டருக்கு மேல் உயரும். கலப்பினமான பொஹீமிய நாட்வீட் எல்லாவற்றிலும் நடுவே நிற்கிறது. 1983இல்தான் செக் நாட்டு ஆய்வாளர்கள் அதற்குத் தனிப்பெயர் கொடுத்தார்கள்.

நடுவே நிற்பதுதான் சிக்கல். ஒரே தண்டில் அடியிலுள்ள இலை ஒரு மாதிரி, நுனியிலுள்ளது வேறு மாதிரி இருக்கும். வெட்டிய பிறகு துளிர்க்கும் இலைகளை நம்பவே கூடாது. முதன்மைத் தண்டின் நடுப்பகுதியில் முற்றிய இலை ஒன்றைப் பறித்து, திருப்பி, அடிப்பக்க நரம்புகளை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். ஜப்பானியச் செடியில் முடி இருக்காது, சிறு மேடுகள் மட்டும் தெரியும். பெரிய நாட்வீட்டில் நீண்டு நெளியும் முடிகள். கலப்பினத்தில் குட்டையான, தடித்த முடிகள். மே, ஜூன் மாதங்களில் பார்த்தால்தான் உண்டு. கோடை முதிர முதிர அவை தேய்ந்து உதிர்ந்துவிடும்.

இமயமலை நாட்வீட்டையும் இவற்றோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் உண்டு. அதன் இலை அரளி இலையைப்போல் ஒடுங்கி நீண்டது. கணுதோறும் பழுப்புநிற உறை தண்டைச் சுற்றி நிலைத்திருக்கும். இந்த ஒன்றைக் கண்டுகொள்ளக் கண் போதும்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் செடியின் பாலினத்தைத்தான் காட்டுவேன். பிரிட்டனில் எடுத்த 150 மாதிரிகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், எல்லாம் ஒரே பெண்செடியின் நகல்கள் என்று கண்டார்கள். நாடு முழுக்கப் பரவியிருப்பது ஒரே ஒரு செடி! விதையால் அல்ல, 0.7 கிராம் எடையுள்ள கிழங்குத் துணுக்கிலிருந்துகூட முளைத்துப் பரவியது அது. தன் இன ஆண்செடி இல்லாததால் அதன் மரபணுக்கள் மாறாமலே இருந்தன. பெரிய நாட்வீட்டின் மகரந்தம் அதன்மேல் விழும்போது அந்தத் தேக்கம் உடைகிறது. 88 குரோமோசோம் கொண்ட தாய்க்கும் 44 கொண்ட தந்தைக்கும் 66 கொண்ட பிள்ளை பிறக்கிறது. பிள்ளைகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை, அவற்றில் ஆணும் உண்டு. ஆகவே ஜப்பானிய நாட்வீட் என்று நினைத்த புதரின் பூவில் மகரந்தத்தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மீண்டும் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

பூச்சிகளுக்கு இந்த வேறுபாடு நம்மைவிட நன்றாகத் தெரியும். செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி ஒன்றை 2010இல் பிரிட்டனில் வெளியில் விட்டார்கள். ஜப்பானின் கியூஷு தீவிலிருந்து வந்த வகை அது. ஜப்பானிய நாட்வீட்டில் நன்றாகப் பெருகக்கூடியது. பெரிய நாட்வீட்டுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது, அதற்கு ஹொக்கைடோ தீவின் வகை வேண்டும். அமெரிக்காவில் 2020இல் இரண்டையுமே விட்டார்கள். எதிரே நிற்பது எந்தச் செடி என்று அறியாமல் எந்தப் பூச்சியை விடுவது?

சந்தேகம் தீராமல் ஆய்வாளர்களுக்கு மாதிரி அனுப்புகிறவர்கள் தண்டின் நடு இலை ஒன்றைச் செய்தித்தாளுக்கிடையே வைத்து அழுத்தி, எடுத்த தேதியையும் குறித்து அனுப்ப வேண்டும். கிழங்கைத் தோண்டி அனுப்பவே கூடாது.